காப்பு அவிழ்க்கிற ராத்திரி: குலசை தசராக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு மாலை போட்டு, கையில் காப்புக் கட்டி, விரதம் இருந்து, வேசம் போட்டுக் காணிக்கை சேர்க்கிற திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசிப் பக்கத்துத் தசராக் குழுத் தலைவர்களுக்கும், குழுவில் இருக்கிற அண்ணாச்சிமார், தம்பிமார் எல்லாருக்கும் வணக்கம்.

நான் ஊசி போடுகிற டாக்டர் இல்லை, உளவியல் ஆராய்ச்சி செய்கிற ஆள். குடியை விட்டவர்கள் எப்படி விட்டார்கள், விட்டவர்களில் பலர் ஏன் திரும்பப் போனார்கள் என்று விசாரித்துக்கொண்டே பல வருடம் ஓடிவிட்டது. இந்தக் கடிதத்தைக் கலெக்டருக்கு எழுதியிருக்கலாம். ஆனால் கடையை மூடச் சொல்லி மனு கொடுக்க நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு உங்களிடம்தான் காரியம் இருக்கிறது.

ஒருவர் எவ்வளவு குடித்தார் என்று கணக்கெடுக்க எங்களிடம் ஒரு முறை உண்டு. லிண்டா சோபல், மார்க் சோபல் என்ற அமெரிக்க உளவியலாளர் தம்பதி கொண்டுவந்தது. ஒரு காலண்டரை நடுவில் வைத்துக்கொண்டு உட்காருவோம். கல்யாணம், துட்டி (சாவு), சம்பளம் வாங்கிய நாள், கோயில் கொடை என்று மறக்காத நாட்களை முதலில் குறிப்போம். அப்புறம் அவற்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு நாளாகப் பின்னால் போவோம். நம்ம பக்கத்து ஆட்களோடு இதை நிரப்பும்போது ஒன்று கண்ணில் அடிக்கும். ஒரு குவாட்டர், ரெண்டு குவாட்டர், திரும்ப ரெண்டு என்று கட்டம் கட்டமாகப் போய்க்கொண்டே இருக்கும். திடீரென்று ஆவணி, புரட்டாசியில் வரிசையாக வெறும் கட்டங்கள். தசரா முடிந்ததும் பழையபடி எண்கள், முன்பைவிடப் பெரிதாக.

"இந்த இடத்துல என்ன நடந்துச்சு?" என்று கேட்டால், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரிப் பார்ப்பார்கள். "மாலை போட்டிருந்தேன்லா."

ஆஸ்பத்திரியில் மாத்திரையும் ஆலோசனையும் கொடுத்து ஒரு மாசம் தாண்ட வைக்க முடியாத மனுசன், குலசைக்கு மாலை போட்டால் 41 நாள், 48 நாள் சொட்டுக்கூடத் தொடாமல் இருக்கிறான். இதை வெறும் சாமி பயம் என்று தள்ளிவிடுகிற டாக்டர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஜார்ஜ் வேலன்ட் என்கிற மனநல மருத்துவர் பாஸ்டன் பக்கத்து ஆண்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து, குடியிலிருந்து நிலையாக மீண்டவர்களுக்கு எது கைகொடுத்தது என்று பார்த்தார். அவர் கண்டது நாலு விஷயம்: குடித்தால் உடனே தட்டிக்கேட்கிற கண்காணிப்பு, குடிக்குப் பதிலாகப் பிடித்துக்கொள்ள வேறொன்று, புது உறவுகள், ஏதாவது ஒரு நம்பிக்கை. மாலை போட்டவர்கள் கூடுகிற உங்கள் குடிலைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தெருவே அவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. சாயங்காலம் கடைப் பக்கம் போகிற நேரத்தில் குளியல், பூஜை, மேளம், வேசத்துக்கான வேலை என்று ஆள் ஓய்வில்லாமல் இருக்கிறான். நேற்றுவரை வைதவர்கள் இன்றைக்குச் சாமி என்று கூப்பிடுகிறார்கள். முத்தாரம்மன் மேல் நம்பிக்கையோ கேட்கவே வேண்டாம். யாரும் ஆராய்ச்சி பண்ணி உருவாக்காமலே அந்த நாலும் ஒரே ஓலைக் கொட்டகைக்குள் இருக்கிறது.

அதனால்தான் உங்களிடம் வருகிறேன். மாலை போடுகிற அன்றைக்கும் அதைக் கழற்றுகிற அன்றைக்கும் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும்.

முதலில் போடுகிற நாள். தினமும் குடிக்கிறவன், அதுவும் காலையில் ஒரு கட்டிங் போட்டால்தான் கை நடுக்கம் நிற்கும் என்கிறவன், ஒரே நாளில் நிறுத்தினால் உடம்பு சும்மா இருக்காது. முதல் ரெண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். ரெண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்கு அறிவு தடுமாறும். ஒரு குடிலில் இதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஆள் வேட்டியிலிருந்து இல்லாத எறும்பை ஒவ்வொன்றாகக் கிள்ளிக் கிள்ளிக் கீழே போட்டுக்கொண்டிருந்தார். சுவரைப் பார்த்துப் பேசினார். உடம்பு முழுக்க நடுக்கம், வேர்வை. "சாமி வந்துட்டு" என்று மேளத்தை வேகமாக அடித்தார்கள், மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். அவருடைய அம்மாதான் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சாமி வந்தா உடம்பு இப்படியா கொதிக்கும், வண்டியக் கூப்பிடுங்கய்யா" என்று சத்தம் போட்டாள். பிழைத்தார். விரதத்தை முடித்து அந்த வருசம் போலீஸ் வேசமும் கட்டினார்.

அருள் வந்தால் மேளம் நின்றதும் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும், ஆளுக்கும் தன் நினைவு வந்துவிடும். குடியை நிறுத்தியதால் வருகிற இந்தத் தடுமாற்றமோ ராத்திரி பகல் என்று இல்லாமல் நீளும், காய்ச்சல் அடிக்கும், பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியாது. சிகிச்சை இல்லாமல் விட்டால் உயிர் போகலாம். ஆகவே மாலை போட வருகிறவரிடம், "காலையிலேயே குடிப்பீகளா? முன்னால வலிப்பு வந்திருக்கா?" என்று தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். ஆமாம் என்றால் முதலில் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கோ, பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கோ அனுப்புங்கள். பி1 வைட்டமின் ஊசியும், படிப்படியாகக் குறைக்கிற மாத்திரையும் கொடுத்து சில நாளில் தேற்றிவிடுவார்கள். மருந்து சாப்பிட்டால் விரதம் கெட்டுவிடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. கெடாது என்று குழுத் தலைவர் ஒரு வார்த்தை சொன்னால், நான் நூறு தடவை சொல்வதைவிட அது எடுபடும்.

இப்போது கழற்றுகிற நாள். சூரசம்ஹாரம் முடிந்தது, காணிக்கை உண்டியலில் சேர்ந்தது, காப்பு அவிழ்த்தாயிற்று. வேன் ஊர் திரும்புகிறது. ராத்திரி பத்து மணிக்குக் கடை அடைத்துவிடுவான் என்று எவனாவது முன்கூட்டியே வாங்கி வைத்திருப்பான். "இத்தன நாள் பொறுத்துட்டோம், இன்னைக்கு ஒருநாள் என்ன" என்று ஊற்றிக் கொடுப்பதும் பெரும்பாலும் அதே குழுதான். இதைச் சொன்னால் கோபம் வரும், வரட்டும். நாற்பது நாளுக்கு மேல் குடிக்காத உடம்பு பழைய அளவைத் தாங்காது. அதே குவாட்டர் ரெண்டு மடங்காக ஏறும். அந்த ஏற்றத்தோடு பைக்கை எடுத்துக்கொண்டு திருச்செந்தூர் ரோட்டில் கிளம்புகிறார்கள்.

குடிக்கிறவன் எல்லாரையும் நிறுத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. "இதோட விட்டுரணும்னு நினைக்கேன் அண்ணாச்சி" என்று குடிலில் உங்களிடம் சொன்னவன் யார் என்று உங்களுக்குத் தெரியும். அவனை மட்டுமாவது அந்த ராத்திரி வேறு பக்கம் கூட்டிக்கொண்டு போங்கள். அப்புறமும் விட்டுவிடாதீர்கள். மாசம் ஒரு பௌர்ணமிக்காவது அதே ஆட்கள் கூடி ஒரு பூஜை, ஒரு சாப்பாடு, யாருக்கு எப்படிப் போகிறது என்று நாலு வார்த்தை. 1935இல் அமெரிக்காவில் ரெண்டு குடிகாரர்கள் சேர்ந்து தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கிட்டத்தட்ட இதைத்தான் செய்கிறது. குடித்தவர்களே கூடி, விடாமல் கூடிக்கொண்டே இருப்பார்கள். 27 ஆய்வுகளையும், அவற்றில் இருந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்களையும் ஒன்றாக அலசி 2020இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கிற காக்ரேன் அமைப்பின் அறிக்கை ஒன்று வந்தது. தொடர்ந்து குடிக்காமல் இருக்க வைப்பதில், ஆட்களை அந்தக் கூட்டங்களுக்குப் பழக்குகிற சிகிச்சை மற்ற சிகிச்சைகளைவிட மேலாகவே இருந்தது. அந்தக் கூட்டத்தாரிடம் மாலை கழற்றுகிற நாள் என்று ஒன்று கிடையாது.

இன்னொன்று. இடையில் ஒருநாள் குடித்துவிட்டான் என்றால் வரிசையில் நிறுத்தி அவமானப்படுத்தாதீர்கள். ஒரு வாய் உள்ளே போனதும் "சரி, எல்லாம் போச்சு" என்று மனசு விட்டு முழுசாக இறங்கிவிடுவதுதான் பெரும் ஆபத்து என்று ஆலன் மார்லட் என்கிற உளவியலாளர் 1980களிலேயே விளக்கியிருக்கிறார். வில்லியம் மில்லரும் கூட்டாளிகளும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், ஆலோசகர் எவ்வளவுக்கு மல்லுக்கு நின்றாரோ அவ்வளவுக்கு ஆள் ஒரு வருடம் கழித்துக் கூடுதலாகக் குடித்துக்கொண்டிருந்தார். ஏசுவது நமக்கு லேசாக வருகிறது, அதுதான் சங்கடம். அவனிடம், "எங்க இருந்தே? யாரு கூட? அடுத்த தடவ என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். ராத்திரி நேரத்தில் அவனுக்கோ வீட்டுப் பெண்களுக்கோ யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416 இருக்கிறது. அரசின் மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

அடுத்த மாலைக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஆடி முடிவதற்குள் நீங்கள் ஊரில் கூட்டம் போடும்போது எனக்கும் ஒரு அரைமணி நேரம் கொடுங்கள். மனநலப் பிரிவிலிருந்து ஒரு டாக்டரையும், குடியை விட்டுப் பல வருடமான ஒருத்தரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். மைக் வேண்டாம், கோயில் திண்ணை போதும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்றால் வீட்டுப் பெண்களும் வர வசதிப்படும், அவர்களையும் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையிலிருந்து ஓர் ஆராய்ச்சி உளவியலாளர்