ரப்பரைக் கொஞ்சம் ஓரமாக வை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் நீ அழுதுவிடுகிறாய். உன் அழுகையைக் கேட்டதும் எனக்குச் சொல்ல வந்ததெல்லாம் மறந்துபோகிறது. அதனால்தான் கடிதம். இன்று லேபைப் பூட்டிவிட்டு வந்து, அப்பாவுக்குத் தோசை ஊற்றிக் கொடுத்துவிட்டு, உன் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மேசை நீ விட்டுப்போனபடியே இருக்கிறது.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கல்லூரி இயற்பியல் விடைத்தாளை மூன்று முறை பார்த்தேன். 25க்கு 9. அந்த எண்ணை நான் முதல் முறைதான் பார்த்தேன். அடுத்த இரண்டு முறையும் உன் கையெழுத்தைப் பார்த்தேன், நீ எங்கே தயங்கினாய், எங்கே அவசரப்பட்டாய் என்று. இரண்டாவது கேள்வியில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. படத்தைப் பெரிதாக்கினேன். ரப்பர் தேய்த்த இடத்தில் நிழல் மாதிரி ஒரு கட்டம், அதிலிருந்து மேலே ஓர் அம்பு, கீழே ஓர் அம்பு. இரண்டும் ஒரே நீளம். அதை அழித்துவிட்டு அதன் மேலேயே வேறு படம் போட்டிருக்கிறாய், மேலே போகிற அம்பு நீளமாக.

பாப்பா, நீ அழித்ததுதான் சரியான படம்.

கேள்வியைத் திரும்பப் பார். 10 கிலோ நிறையைக் கயிறு கட்டிச் சீரான வேகத்தில் மேலே தூக்குகிறார்கள், கயிற்றின் இழுவிசை எவ்வளவு? "மேலே போகிறதே, அப்படியானால் மேல்நோக்கிய விசை கூடுதலாகத்தானே இருக்க வேண்டும்" என்று நீ நினைத்திருப்பாய். எல்லோரும் நினைப்பதுதான். ஆனால் வேகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முடுக்கம் சுழி என்றால் நிகர விசையும் சுழி. எடை என்பது 10 பெருக்கல் புவியீர்ப்பு முடுக்கம் 9.8, அதாவது 98 நியூட்டன். இழுவிசையும் அதே 98 நியூட்டன். ஒரு பொருள் போய்க்கொண்டே இருப்பதற்கு விசை வேண்டியதில்லை, அதன் வேகத்தை மாற்றத்தான் வேண்டும். மனிதர்கள் ஆயிரம் வருஷத்துக்கு மேல் இதைத் தப்பாகவே நம்பிக்கொண்டிருந்தார்கள். நீ முதல் மாதத்தில் தடுமாறினால் அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

தாத்தா வீட்டுக் கிணறு ஞாபகம் இருக்கிறதா? உனக்கு ஒன்பது வயது. "நானே இறைப்பேன்" என்று அடம்பிடித்து, உருளையில் கிடந்த கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து வெடுக்கென்று இழுத்தாய். பழைய கயிறு. பட்டென்று அறுந்து வாளி உள்ளே போய்விட்டது. தாத்தா திட்டவே இல்லை. பரணிலிருந்து பாதாளக் கரண்டியை எடுத்துக் கட்டி, முக்கால் மணி நேரம் துழாவி வாளியை எடுத்தார். நீ கிணற்று மேடையில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாய். அன்றைக்கு அந்த வாளியும் தண்ணீரும் சேர்ந்து 10 கிலோ என்றே வைத்துக்கொள். மெதுவாக, ஒரே சீராக இழுத்திருந்தால் கயிற்றில் 98 நியூட்டன். நீ வெடுக்கென்று இழுத்ததில் முடுக்கம் விநாடிக்கு விநாடி 3 மீட்டர் என்றால், அந்த 3ஐ 9.8ஓடு கூட்டி 10 பெருக்கல் 12.8, அதாவது 128 நியூட்டன். சீராக இழுத்தவரைக்கும் தாங்கிய கயிறு அந்த மிச்சம் 30ஐத் தாங்கவில்லை. அந்தக் கேள்விக்கான விடை உன் கைக்கு ஒன்பது வயதிலேயே தெரியும். இங்கிலீஷில் அச்சடித்த கேள்வித்தாளில் அதை அடையாளம் தெரியாமல் போயிற்று, அவ்வளவுதான்.

முதல் கேள்வியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் நானும் விழுந்திருக்கிறேன். மேசை மேல் புத்தகம் இருக்கிறது. புத்தகத்தின் எடை கீழே, மேசை தருகிற செங்குத்து விசை மேலே. இரண்டும் சமம், எதிர்த்திசை. உடனே "நியூட்டனின் மூன்றாம் விதி" என்று எழுதிவிட்டாய். மதுரையில் 96இல் நான் பி.எஸ்ஸி. சேர்ந்த இரண்டாவது வாரம், வகுப்பில் எழுந்து நின்று நானும் இதையேதான் சொன்னேன். சரியில்லை. மூன்றாம் விதி சொல்கிற ஜோடி விசைகள் இரண்டும் ஒரே பொருளின் மேல் விழவே விழாது. பூமி புத்தகத்தை இழுக்கிறது என்றால் அதன் ஜோடி, புத்தகம் பூமியை இழுப்பது. மேசை புத்தகத்தைத் தள்ளுகிறது என்றால் அதன் ஜோடி, புத்தகம் மேசையைத் தள்ளுவது. நீ எழுதிய இரண்டும் புத்தகத்தின் மேலேயே விழுகின்றன. அவை சமமாக இருப்பது புத்தகம் அசையாமல் இருப்பதால், அது வேறு கணக்கு. சந்தேகமாக இருந்தால் அதே மேசையை மனசுக்குள் ஒரு லிஃப்டில் ஏற்று. லிஃப்ட் மேலே கிளம்புகிற கணத்தில் மேசையின் விசை எடையைவிடக் கூடிவிடும். ஆனால் மேசை புத்தகத்தைத் தள்ளுவதும் புத்தகம் மேசையைத் தள்ளுவதும் அப்போதும் சமமாகத்தான் இருக்கும். இதற்கு ஒரே மருந்து, தனித்த பொருளின் விசைப்படம். ஒரே ஒரு பொருளை வரை. அதன் மேல் விழுகிற விசைகளை மட்டும் போடு. ஒவ்வோர் அம்புக்குப் பக்கத்திலும் "எது தருகிறது" என்று எழுது. பேர் எழுத முடியாத அம்பு இருந்தால் அது பொய் அம்பு.

இப்போது என் கதை. இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

முதல் வருஷம், தனி ஊசல் சோதனை. நூலை 100 செ.மீ. அளந்து குண்டைக் கட்டி, 20 அலைவுக்கு நேரம் எடுத்தேன். ஏன் ஒன்றுக்கு எடுக்காமல் 20க்கு எடுக்கிறோம் தெரியுமா? ஸ்டாப் வாட்ச்சை அமுக்குவதில் எப்படியும் 0.2 விநாடி முன்னே பின்னே ஆகும். ஓர் அலைவு சுமார் 2 விநாடி, அதில் 0.2 என்றால் பத்தில் ஒரு பங்கு பிழை. 20 அலைவுக்கு 40 விநாடி, அதே 0.2 இப்போது இருநூறில் ஒரு பங்கு. எனக்கு இந்த யோசனை அப்போதே ரொம்பப் பிடித்திருந்தது, கருவியை மாற்றாமலே பிழையைக் குறைத்துவிடுகிறோமே என்று. எனக்கு 40.4 விநாடி வந்தது. அலைவு நேரம் 2.02. கணக்குப் போட்டால் புவியீர்ப்பு முடுக்கம் 9.68. பக்கத்து மேசையில் 9.81, அதற்கடுத்த மேசையில் 9.79. திரும்பத் திரும்ப எடுத்தேன், எனக்கு மட்டும் 40.4தான் வந்தது. மணி அடிக்கப் போகிறது. பென்சிலில் எழுதிய 40.4ஐ அழித்துவிட்டு, 9.8 வருகிற மாதிரி ஒரு நேரத்தைப் பின்னாலிருந்து கணக்குப் போட்டு எழுதினேன். சரி என்று கையெழுத்து வாங்கினேன்.

பல வருஷம் கழித்து, இந்தப் பள்ளிக்கூட லேபில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஊசல் கட்டிக்கொண்டிருந்தேன். நூலை அளக்க ஸ்கேலை வைத்தபோது கை அப்படியே நின்றது. ஊசலின் நீளம் என்பது நூலின் நீளம் மட்டும் இல்லை, குண்டின் மையம் வரைக்கும். கொக்கியும் குண்டின் ஆரமும் சேர வேண்டும். அன்றைக்கு நான் நூலை மட்டும்தான் 100 செ.மீ. அளந்தேன். கையிலிருந்த குண்டை வெர்னியர் அளவுகோலில் அளந்து பார்த்தேன், கொக்கியும் ஆரமும் சேர்ந்து 1.3 செ.மீ. வந்தது. கல்லூரிக் குண்டும் ஏறக்குறைய அந்த அளவுதான். 101.3ஐப் போட்டு, மறக்காமல் வைத்திருந்த 2.02ஐப் போட்டுக் கணக்கிட்டேன். 9.80!

அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். நான் எடுத்த நேரம் ஒவ்வொரு தடவையும் சரியாகவே இருந்திருக்கிறது. அந்த 9.68 "குண்டை அளக்காமல் விட்டாய்" என்று எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. நான்தான் அதன் வாயை ரப்பரால் அடைத்தேன். பொய்யாக எழுதிய 9.8 எனக்கு எதையும் சொல்லித்தரவில்லை.

அதனால் உன்னிடம் கேட்பது இதுதான். அப்சர்வேஷன் நோட்டில் எதையும் ரப்பரால் அழிக்காதே. தப்பென்று தோன்றினால் ஒரே ஒரு கோடு போடு, கீழே இருப்பது படிக்கிற மாதிரி. பக்கத்தில் புதிதாக எழுது. வீட்டில் கணக்குப் போடும்போதும் அப்படியே. ஒரு கணக்கு தப்பானால் சரியான விடையைப் பார்த்து எழுதிவிட்டுப் போகாதே. எந்த வரியில் வழி மாறியது என்று விரல் வைத்துத் தேடு. அந்த வரிக்குப் பக்கத்தில் உனக்குப் புரிகிற மாதிரி, தமிழிலேயே, ஏன் தப்பு என்று எழுதி வை.

புத்தகத்தில் தீர்த்துக் காட்டிய கணக்குகளைப் படித்துவிட்டு "புரிந்துவிட்டது" என்று போனில் சொன்னாயே, அதைத்தான் நான் நம்பவில்லை, கோபித்துக்கொள்ளாதே. படிக்கும்போது எல்லாமே புரிகிற மாதிரிதான் இருக்கும், அடுத்தவர் கோலம் போடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி. விடையைக் காகிதத்தால் மறைத்துக்கொண்டு, முதலில் படம், அப்புறம் தெரிந்தது என்ன, கேட்டது என்ன, அதற்கப்புறம்தான் சமன்பாடு. ஒரு வரி எழுதி முடியாமல் நின்றால் காகிதத்தை ஒரு வரி இறக்கிப் பார். மறுநாள் அதே கணக்கைப் பார்க்காமல் போடு. ஒரு நாளைக்கு இப்படி மூன்று கணக்கு போதும்.

நுண்கணிதம் பயமுறுத்துகிறது என்றாய். அதே கிணற்றுக்கு வா. கல்லைப் போட்டால் t விநாடியில் 4.9t² மீட்டர் விழும். சரியாக 1 விநாடியில் அதன் வேகம் என்ன? 1லிருந்து 1.1 விநாடி வரை பார்த்தால் சராசரி வேகம் 10.29. 1லிருந்து 1.01 வரை 9.849. 1.001 வரை 9.8049. நீயே கையால் போட்டுப் பார், அது எங்கே போய் நிற்கப் பார்க்கிறது என்று தெரியும். வகைக்கெழு என்பது அந்த 9.8தான். சூத்திரமாக மட்டும் படித்தால் பயம் போகாது, இப்படி நாலு தடவை எண்களைப் போட்டுப் பார்த்தால் போய்விடும்.

அலகு எழுதாததற்கு ஒன்றரை மதிப்பெண் போயிருக்கிறது. அதில் ஆசிரியர்மேல் குறை சொல்லாதே. நாசா செவ்வாய்க்கு அனுப்பிய விண்கலம் ஒன்று 1999இல் தொலைந்துபோனதே இதனால்தான். ஒரு பக்கத்து மென்பொருள் பவுண்டுக் கணக்கில் எண்களைக் கொடுத்தது, மறுபக்கம் அதை நியூட்டன் கணக்கென்று எடுத்துக்கொண்டது.

இங்கிலீஷ் விஷயம். வகுப்பில் மற்ற பிள்ளைகள் மொமெண்டம், இனர்ஷியா என்று சரளமாகப் பேசும்போது உனக்குத் தொண்டை அடைக்கிறது என்றாய். எனக்கும் அடைத்தது. ஒரு சின்ன நோட்டு போடு. இடப் பக்கம் உந்தம், நிலைமம், முடுக்கம், திருப்பு விசை. வலப் பக்கம் அவர்கள் சொல்கிற பெயர். பொருளெல்லாம் உன்னிடம் ஏற்கெனவே இருக்கிறது, புதுப் பெயரைத்தான் பழக வேண்டும். சில இடத்தில் நம் சொல்லே உனக்குக் கைகொடுக்கும். வெலாசிட்டிக்கும் ஸ்பீடுக்கும் என்ன வித்தியாசம் என்று அவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டும். திசைவேகம் என்ற சொல்லிலேயே திசை இருக்கிறதே.

சந்தேகம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்றாயே, நம் வத்திராயிருப்பில் 1898இல் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனைப் பற்றிச் சொல்கிறேன். 1928இல் சி.வி. ராமனோடு சேர்ந்து, ராமன் விளைவு என்கிற புதுவகை ஒளிச்சிதறலைக் கண்டறிந்தவர். அதற்கு முன்பு சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் வேதியியல் டெமான்ஸ்டிரேட்டராக, அதாவது செய்முறை சொல்லிக் கொடுப்பவராக இருந்தார். கல்லூரி அப்போது தாம்பரத்துக்குப் போகவில்லை, ஜார்ஜ் டவுனில் இருந்தது. மதியச் சாப்பாட்டு இடைவேளையில் யார் வேண்டுமானாலும் வந்து இயற்பியல், கணிதம், வேதியியல் எதிலும் கேள்வி கேட்கலாம் என்று உட்காருவாராம். பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகளும் வருவார்களாம். உன் துறையிலும் அப்படி ஒருவர் இருப்பார். வகுப்பில் எழுந்து கேட்க முடியாவிட்டால் இடைவேளையில் போ. "ஒன்றும் புரியவில்லை சார்" என்று மட்டும் நிற்காதே. பாதி போட்ட கணக்கோடு போய், "இந்த வரி வரைக்கும் வந்தேன், இதற்கு மேல் தெரியவில்லை" என்று காட்டு. அப்படி வருகிற பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க எந்த ஆசிரியருக்கும் ஆசை வரும். லேபில் இத்தனை வருஷமாக நான் பார்க்கிறேன்.

ராத்திரி ஹாஸ்டலில் பால் கொடுக்கிறார்களா? குடி. பன்னிரண்டு மணிக்கு மேல் விழிக்காதே, அந்த நேரத்தில் போடுகிற கணக்கு மறுநாள் நினைவில் நிற்பதில்லை.

நாளைக்குப் பார்சல் அனுப்புகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா அரைக் கிலோ, உன் ரூமில் இருப்பவர்களுக்கும் சேர்த்து. அதன் அடியில் என்னுடைய பழைய அப்சர்வேஷன் நோட்டு இருக்கும். ஊசல் பக்கத்தில் காகிதம் மடித்து வைத்திருக்கிறேன். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார், அழித்த 40.4 இன்னும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் பண்ணு. அதற்குள் அந்த வாளிக்கு மூன்று படம் வரைந்து வை: சீராக ஏறும்போது, வேகமெடுத்து ஏறும்போது, கயிறு அறுந்த பிறகு. மூன்றாவது படத்தில் எத்தனை அம்பு என்று முதலில் சொல்லு, மற்றதை அப்புறம் பேசுவோம்.

அன்புடன்,
அம்மா