பொன்மலையிலிருந்து கோல்டனுக்கு

அன்புள்ள தோழிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. அயர்லாந்துக்கு டிக்கெட் போட்டாச்சு! மே மாதம், ஏழு நாள், நானும் அம்மாவும் மட்டும். சென்னையிலிருந்து அபுதாபி, அங்கிருந்து டப்ளின். விசா வந்த அன்று அம்மா பாஸ்போர்ட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் தூங்கினாள்.

அம்மாவின் கொள்ளுத்தாத்தா அயர்லாந்துக்காரர் என்று நமக்குப் பள்ளிக்கூடக் காலத்திலேயே தெரியும். எந்த ஊர் என்று கேட்டால் டிப்பரரி என்பார்கள், அதற்கு மேல் வீட்டில் யாருக்கும் தெரியாது. டிப்பரரி ஒரு மாவட்டம்டி. தஞ்சாவூர் ஜில்லா என்று மட்டும் சொல்லிவிட்டு ஒரு வீட்டைத் தேடுகிற மாதிரி. அங்கே எந்த மாதா கோயில் பங்கு என்று தெரிய வேண்டும், அதற்கும் கீழே டவுன்லேண்ட் என்று குட்டிக் குட்டிப் பிரிவுகள், தீவு முழுவதும் 60,000-க்கு மேல் இருக்கின்றன. பழைய மக்கள்தொகைக் கணக்கைப் பார்க்கலாம் என்றால், 1922-ல் உள்நாட்டுப் போரின்போது டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்ததில் 1821 முதல் 1851 வரை எடுத்த கணக்கெல்லாம் பெரும்பாலும் சாம்பல். அவர் அம்மா மடியில் இருந்த வருடங்கள் எல்லாம் அதோடு போயிற்று.

கடைசியில் வழி காட்டியது லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருந்த ஒரே ஒரு தாள். பட்டாளத்திலிருந்து அவரை விடுவித்தபோது எழுதியது. மெட்ராஸ் ஃப்யூசிலியர்ஸ் படை, உயரம் ஐந்தடி ஆறு அங்குலம், தொழில் கூலி, கண் சாம்பல் நிறம். நீதானே நாலாம் வகுப்பில் ‘உங்க அம்மாவுக்குப் பூனைக்கண்’ என்று சொல்லிவிட்டு ஓடுவாய்? அதைத்தான் நினைத்தேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி, பக்கத்தில் ‘இவர் இட்ட அடையாளம்’ என்று வேறு யாரோ எழுதியிருக்கிறார்கள். குறியின் ஒரு கோடு நீளம், இன்னொன்று பாதியிலேயே மை தீர்ந்த மாதிரி மங்கிப் போயிருக்கிறது. அம்மா அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசவே இல்லை. 1845-ல் உருளைக்கிழங்குப் பஞ்சம் ஆரம்பித்தபோது அவருக்கு ஆறு வயது. பத்து லட்சம் பேர் செத்த பஞ்சத்தில் தப்பிய பையன், பத்தொன்பது வயதில் கப்பல் ஏறி மெட்ராஸ் வந்து, திரும்பிப் போகவே இல்லை.

அந்தத் தாளில்தான் ஊர் இருந்தது. கோல்டன்! பொன்மலையில், அதாவது கோல்டன் ராக் ரயில்வே காலனியில் பிறந்த அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும் பார். தற்செயல்தான், எனக்குத் தெரியும். ரயில்வே பட்டறையை 1928-ல் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு மாற்றியபோது அம்மாவின் தாத்தாவும் கூடவே வந்தார், அவ்வளவுதான். அந்தக் கோல்டனில் பொன்னும் கிடையாது, ஐரிஷ் மொழியில் ஆறு கவடாகப் பிரியும் இடம் என்று அர்த்தம். இருந்தாலும் அம்மா அதை வேறு மாதிரிதான் எடுத்துக்கொள்கிறாள், நான் மறுத்துப் பேசவில்லை.

திட்டம் இதுதான். டப்ளினில் இரண்டு இரவு. கில்டேர் தெருவில் தேசிய நூலகம், அங்கே வம்சாவளி தேடுபவர்களுக்குக் காசு வாங்காமல் ஆலோசனை சொல்கிறார்கள். 1880 வரையிலான கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகளை அவர்களே இணையத்தில் போட்டிருப்பதால் அவருடைய ஞானஸ்நானப் பதிவை இங்கிருந்தே தேடிப் பார்த்தேன், இரண்டு பக்கம் ஈரத்தில் அழிந்திருக்கிறது, அதைப் பற்றிக் கேட்க வேண்டும். அப்புறம் செயின்ட் ஸ்டீபன்ஸ் கிரீன் பூங்கா வாசலில் இருக்கும் ஃப்யூசிலியர்ஸ் வளைவு. மெட்ராஸ் படையையும் பம்பாய் படையையும் 1881-ல் சேர்த்துத்தான் ராயல் டப்ளின் ஃப்யூசிலியர்ஸ் ஆக்கினார்கள், அவர்களுக்கான நினைவு வளைவு அது.

மீதி நாலு இரவும் டிப்பரரியில் கேஷல் என்ற ஊரில். பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். மோஹர் பாறைக்குப் போகாமல் வருவார்களா என்று அண்ணன் சண்டை போடுகிறான். 214 மீட்டர் செங்குத்துப் பாறை, அழகுதான், ஆனால் எழுபத்தாறு வயது அம்மாவை ஒரு நாள் முழுக்க பஸ்ஸில் உட்கார வைக்க மனசில்லை. கேஷலில் ஊருக்கு மேலே ஒரு சுண்ணாம்புப் பாறை, அதன் மேல் பழைய கோயிலும் கோபுரமும். படத்தைப் பார்த்ததும் அம்மா ‘நம்ம மலைக்கோட்டை’ என்றாள். கோல்டன் அங்கிருந்து ஏழெட்டு கிலோமீட்டர்தான். ஷூர் ஆற்றுப் பாலம், கொஞ்சம் தள்ளி வயலுக்கு நடுவே அதாசெல் மடத்தின் இடிபாடு. அவர் குடும்பத்தாரின் கல்லறை கிடைக்கும் என்று நான் நம்பவில்லை, கூலிக்காரர்களுக்கு அந்தக் காலத்தில் யார் கல் நட்டார்கள்? ஆனால் பங்குத்தந்தைக்கு எழுதினேன், ஞாயிறு பூசை முடிந்ததும் வாருங்கள், வயதானவர்கள் சிலரைப் பேசச் சொல்கிறேன் என்று பதில் போட்டிருக்கிறார்.

எல்லோரும் கேட்கிறார்கள், ஐரிஷ் பாஸ்போர்ட் கிடைக்குமா என்று. தாத்தா பாட்டி அங்கே பிறந்திருந்தால் உரிமை உண்டு, இவர் அதற்கெல்லாம் ரொம்ப முந்தைய தலைமுறை. அதற்காகவும் நாங்கள் போகவில்லை.

ஒரு உதவி வேண்டும். நீ திருச்சியில்தானே இருக்கிறாய், ஒரு ஞாயிற்றுக்கிழமை பொன்மலை காலனிக்குப் போய் அம்மா பிறந்த வீட்டை, இன்னும் நின்றால், படம் எடுத்து அனுப்பு. முன் வராந்தாவும் அந்த வேப்பமரமும் சேர்ந்து வர வேண்டும். கோல்டனில் அந்தப் பெரியவர்களிடம் காட்ட வேண்டும் என்கிறாள் அம்மா. ஏப்ரல் கடைசிக்குள் அனுப்பினால் போதும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி