மண்ணெண்ணெயில் ஓட்டியவர்களுக்கும் விஞ்ஞானம் தெரியும்

ஆசிரியர் அவர்கட்கு,

நவீன உலகின் கண்டுபிடிப்புகள் பற்றிய தங்கள் தொடரில், சென்ற வாரம் வட இலங்கையின் வன்னிக்கு ஒரேயொரு வரி கிடைத்தது. போரின்போது பெற்றோல் கிடைக்காத பொருளாதாரத் தடைக் காலத்தில் இங்குள்ளவர்கள் எந்த விஞ்ஞான அறிவும் இல்லாமல் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிச் சமாளித்தார்களாம். கராச் வேலையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் அந்த வரி என்னை நோகடித்துவிட்டது.

பெற்றோல் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய்க்குச் சூடு வேண்டும். அதனால்தான் முதலில் சில துளி பெற்றோல் விட்டு உதைத்து, எஞ்சின் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். கார்புரேற்றர் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் தங்கிவிட்டால் மறுநாள் காலையில் எவ்வளவு உதைத்தாலும் பிடிக்காது. வடித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். மண்ணெண்ணெயின் ஒக்ரேன், அதாவது அமுக்கத்தில் தானாக வெடிக்காமல் தாங்கும் தன்மை, குறைவு. ஏற்றத்தில் பாரம் இழுக்கும்போது எஞ்சின் இடிக்கும். சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் இன்னொரு கஸ்கெற் (இடைத்தகடு) வைத்தால் அமுக்கம் குறையும், இடியும் குறையும். எரியாத எண்ணெய் பிஸ்டன் றிங் வழியே இறங்கி எஞ்சின் ஒயிலில் கலக்கும். ஒயில் கோலை இழுத்து மணந்தால் மண்ணெண்ணெய் வாடை அடிக்கும், மட்டமும் ஏறியிருக்கும். அந்த ஒயிலை மாற்றாமல் ஓடினால் பெயறிங் தேய்ந்துபோகும். இவ்வளவையும் அறிந்து செய்தவர்களையா அறிவில்லாதவர்கள் என்பது?

ஹென்றி ஃபோர்ட்டின் ஃபோர்ட்சன் உழவு இயந்திரம் 1917இல் வந்தபோது அதுவும் பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில்தான் ஓடியது. தோட்டங்களில் நின்ற மண்ணெண்ணெய் வாட்டர் பம்மிலும் பெற்றோலுக்கென்று ஒரு சின்னத் தாங்கி இருந்ததே. இது தாங்கள் அறியாததல்ல.

அதே கட்டுரை, கேத்தல் மூடி துள்ளுவதைப் பார்த்து ஜேம்ஸ் வாட் நீராவி இயந்திரத்தைக் கண்டுபிடித்தார் என்கிறது. நியூகொமனின் இயந்திரம் 1712இலேயே சுரங்கத்தில் நீர் இறைத்தது. அதில் ஒவ்வொரு வீச்சுக்கும் சிலிண்டருக்குள் குளிர்நீர் தெளித்து, மறுபடி சூடாக்க வேண்டியிருந்ததால் எரிபொருள் வீணானது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் அதன் சிறு மாதிரி ஒன்றைத் திருத்தக் கொடுத்தபோதுதான் வாட் அந்தக் குறையைப் பிடித்தார். நீராவியை வேறொரு கலத்தில் குளிர்விக்கும் யோசனை 1765இல் வந்தது; காப்புரிமை 1769இல். திருத்த வந்த பொருளில் பிழை கண்டு வழி கண்டவர் அவர். கிளாஸ்கோவில் அதற்குப் பெயர் மேதைமை, வன்னியின் மல்லாவியில் சமாளிப்பா?

தங்கள் இதழில் இது முதல் தடவையும் அல்ல. முன்பொருமுறை சைக்கிள் டைனமோவை நேரே வானொலியில் கொழுவிச் செய்தி கேட்டதாக எழுதினீர்கள். 6 வோல்ற்று, 3 வாற்று டைனமோ தருவது ஆடலோட்டம் (AC). நாலு டயோட்டும் ஒரு கொண்டென்சரும் போட்டு நேரோட்டமாக்காவிட்டால் இரைச்சல்தான் கேட்கும், வானொலியும் பழுதாகும். பெடலை வேகமாகச் சுற்றினால் வோல்ற்று ஏறிவிடும் என்பதால் ஒரே சீராகச் சுற்றச் சொன்னார்கள். பிறகு ஜாம் போத்தல் விளக்கின் படத்துக்குக் குப்பி விளக்கு என்று பெயர் போட்டீர்கள். குப்பி விளக்கில் சுடர் வெளியே நிற்கும், காற்றில் அணையும். ஜாம் போத்தலில் அடியிலே எண்ணெய் நனைத்த பஞ்சு, சுடர் போத்தலுக்குள்ளே, போத்தலே சிமினி. கொஞ்ச எண்ணெய் போதும். பரீட்சைக்குப் படித்த பிள்ளைகள் அந்த வெளிச்சத்தில்தான் படித்தார்கள். இரண்டு தடவையும் எழுதி அனுப்பினேன், பிரசுரமாகவில்லை. போர் முடிந்த மே மாதம் வந்தால் மட்டும் வன்னிக்கு முழுப்பக்கம் ஒதுக்குகிறீர்கள்.

தங்களிடம் கேட்பது அதிகமில்லை. அடுத்த இதழில் அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். இடமிருந்தால் ஜாம் போத்தல் விளக்கின் குறுக்குவெட்டுப் படத்தையும் சரியான பெயருடன் வெளியிடுங்கள். கையால் வரைந்து இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மாங்குளம்.