சீற்றை முடித்துவிட்டு ஹாண்டிலைத் தொடு

கோண்டாவில்,
யாழ்ப்பாணம்.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். சோளகக் காற்றுப் பிடித்துவிட்டது, பின்னேரமானால் பனையோலைச் சத்தம் ஓய்வதில்லை. நல்லூர்த் தேருக்கு வெள்ளவத்தையிலிருந்து மோட்டார் சைக்கிளில்தான் வருவேன் என்று எழுதியிருக்கிறாய். நல்ல சந்தோஷம். ஆனால் உயர ஹாண்டில் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், பூட்டிக்கொண்டு வருகிறேன் என்று வாசித்ததும் உடனே பேனையை எடுத்துவிட்டேன். உந்த ஹாண்டிலை இப்போது பூட்டாதே. முதலில் சீற்.

ஹாண்டிலின் உயரத்தை நிலத்திலிருந்து கணக்குப் பார்க்கக்கூடாது, நீ இருக்கிற இடத்திலிருந்துதான் பார்க்கவேண்டும். சீற்றில் 2 சென்ரிமீற்றர் ஏற்றினால் ஹாண்டில் 2 சென்ரிமீற்றர் பதிந்துவிட்ட மாதிரி. ஹாண்டிலை முதல் மாற்றினால் சீற் தைத்து வந்தபின் இன்னொருக்கால் அதையும் மாற்ற வேண்டிவரும்.

ஒரு மணித்தியாலத்தில் பின்பக்கம் எரிகிறது, சின்னவிரலும் மோதிரவிரலும் விறைக்கின்றன என்று இரண்டு குறை எழுதியிருந்தாய். இரண்டும் ஒரே இடத்திலிருந்து வரலாம். கொம்பனிச் சீற்றுகளில் கனக்க, பெற்றோல் ராங்கிப் பக்கமாகச் சரிந்தவை. பிறேக் பிடிக்கிறபோதெல்லாம் உடம்பு முன்னுக்கு வழுக்கும். அதைத் தடுக்க உனக்குத் தெரியாமலே கையை ஊன்றிக்கொண்டிருப்பாய். உள்ளங்கையின் வெளி ஓரத்து அடியில் போகிற நரம்பு அமுங்கினால் விறைப்பது அந்த இரண்டு விரலும்தான். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் விறைத்திருந்தால் மணிக்கட்டு மடிந்து நிற்கிறது என்று சொல்லியிருப்பேன். அப்போது முதலில் பிறேக், கிளச் லீவர்களின் சரிவைத்தான் பார்க்கவேண்டும்.

சீற்றைப் பெருவிரலால் அமத்திப் பார்த்து, மெத்தென்று இருந்தால் நல்லது என்று நினைக்கிறார்கள். அந்த மெத்து கொஞ்ச நேரத்துக்குத்தான். பிறகு ஸ்பொஞ்ச் தட்டையாகி, இருக்கையில் கீழே முட்டுகிற இரண்டு எலும்பும் பிளாஸ்ரிக் தட்டில் நேரே குந்தும். தூரப் பயணத்துக்குக் கடினமான ஸ்பொஞ்ச்தான் வேண்டும். துண்டு ஸ்பொஞ்சுகளை ஒட்டி அமத்திச் செய்த, பல நிறப் புள்ளி போட்ட பலகை மாதிரி ஒன்று குஷன் கடைகளில் இருக்கும். அதைக் கேள். மெத்தை ஸ்பொஞ்ச் வேண்டவே வேண்டாம்.

கடைக்குப் போக முதல் உன் அளவை எடு. பிஸ்கற் பெட்டி மட்டையில், உள்ளே அலை அலையாக இருக்கிற வகையில் ஒரு துண்டை மர வாங்கில் போட்டு, மெல்லிய காற்சட்டையோடு சற்று முன்சாய்ந்து அரை நிமிடம் இரு. எழும்பிப் பார்த்தால் இரண்டு குழி தெரியும். விரலால் தடவினால் ஆழமான இடம் பிடிபடும், அதிலே பேனையால் புள்ளி வை. ஆம்பிளைகளுக்குப் பெரும்பாலும் 10 தொடக்கம் 13 சென்ரிமீற்றர் இடைவெளி வரும். சீற்றில் நீ இருக்கிற இடம் இந்த இரண்டு புள்ளியையும் தாங்கி, ஒவ்வொரு பக்கமும் இன்னும் நாலைந்து விரல் அகலத்துக்கு மட்டமாக இருக்கவேண்டும். முன்பக்கம் ஒடுங்கட்டும், இல்லாவிட்டால் சிக்னலில் கால் நிலத்தில் எட்டாது.

குஷன் வேலைகாரரிடம் இதைச் சொல். உறையைக் கழற்றி, சரிவு மட்டமாகும்வரை முன்பக்கத்தில் ஆப்பு மாதிரி ஸ்பொஞ்ச் வைக்கவேண்டும். ராங்கி ஓரத்தில் 1.5 தொடக்கம் 2 சென்ரிமீற்றர் போதும். புள்ளி வருகிற இடத்தில் பழையதை 25 மில்லிமீற்றர் வெட்டி எடுத்து அதே தடிப்பில் கடின ஸ்பொஞ்ச், எல்லாவற்றுக்கும் மேலே 10 மில்லிமீற்றர் மெல்லியது. பசை மெல்லிதாகப் பூசி, தொட்டால் ஒட்டும் பதம் வரப் பத்து நிமிடம் விடச் சொல். தடிப்பாகப் பூசினால் அது காய்ந்து தகடு மாதிரி ஆகி, எலும்புக்குக் கீழே அதுவே குத்தும். தையல், நீ குறித்த இரண்டு புள்ளிக்கும் மேலே வரக்கூடாது. ஸ்பொஞ்சுக்கும் றெக்சினுக்கும் நடுவே ஒரு பொலித்தீன் விரிக்கவேண்டும், மாரி மழையில் தையல் துளையால்தான் தண்ணீர் இறங்கும். உறை அடிக்கிறபோது முதலில் முன் நடு, பின் நடு, அதன்பிறகுதான் ஓரங்கள். ஓரத்தில் தொடங்கினால் சுருக்கம் ஒரு பக்கம் சேரும். சீற் தட்டின் அடியில் இருக்கிற றப்பர் குமிழ்கள் எல்லாம் இருக்கின்றனவா என்றும் பார்த்துவிடு. ஒன்று விழுந்திருந்தாலும் தட்டு வளைந்து வெடிக்கும்.

ஜெல் வைக்கட்டுமா என்று கேட்டிருந்தாய். எங்கள் வெயிலுக்கு எனக்கு அதில் விருப்பமில்லை. வெயிலில் விட்டால் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். வைப்பதென்றால் ஒரு சென்ரிமீற்றர் ஸ்பொஞ்சுக்குக் கீழே வை. அதைவிடக் காற்றுப் போகிற தடித்த வலை உறை மலிவு, வியர்வையும் காயும்.

சீற் முடிந்ததும் ஒரு கிழமை ஓடு. விரல் விறைப்பு அதோடேயே போய்விடலாம். போகாவிட்டால் காசு செலவில்லாத வேலை முதலில்: லீவர் ஆணிகளை இளக்கி, நீ இருந்தபடி முழங்கையிலிருந்து விரல் நுனிவரை ஒரே கோட்டில் வரும்படி லீவரைத் திருப்பு. பிறகு ஹாண்டில் குழாயைப் பிடித்திருக்கிற கிளாம்பை இளக்கி ஹாண்டிலையே ஒன்றிரண்டு பாகை உன் பக்கம் உருட்டிப் பார். தோள் உயராமல், முழங்கை கொஞ்சம் மடிந்து நிற்கவேண்டும்.

அதற்கும் சரிவராவிட்டால் ஹாண்டிலுக்குக் கீழே வைத்து 20 தொடக்கம் 25 மில்லிமீற்றர் உயர்த்தும் கட்டை. பெரும்பாலும் கேபிள் மாற்றாமல் அந்த அளவுக்குச் சமாளிக்கலாம். இன்னும் உயர்த்தி நேரே நிமிர்ந்து இருந்தால் உடம்புப் பாரம் முழுக்கப் பின்பக்கத்தில் இறங்கி, ஒவ்வொரு பள்ளமும் நாரியில் இடிக்கும். சற்று முன்சாய்வு நல்லது. சோளக நாட்களில் ஆனையிறவில் நீ யாழ்ப்பாணப் பக்கம் வரும்போது காற்று இடப்பக்கமாக அடிக்கும். உயரமும் அகலமும் கூடிய ஹாண்டிலோடு நிமிர்ந்து இருந்தால் நெஞ்சு பாய் மாதிரிக் காற்றைப் பிடிக்கும், அந்த ஆட்டம் கையால் ஹாண்டிலுக்கும் போகும்.

உன் வண்டியில் ஒற்றைக் குழாய் ஹாண்டில் என்றால்தான் உந்தப் புது ஹாண்டில் கொள்ளும். பல்சரின் பிந்திய மாடல்கள் பலவற்றில் மாதிரி இரண்டு துண்டு என்றால் ஹாண்டிலுக்கு அடியில் முன் போர்க்கைப் பிடிக்கிற மேல் தட்டையே மாற்றவேண்டும். கிளாம்ப் பிடிக்கிற இடத்தின் விட்டத்தையும் அள. 22 மில்லிமீற்றரும் உண்டு, 28.6 உம் உண்டு, ஒன்றின் கிளாம்பில் மற்றது வராது. சுவிச் பெட்டியின் உள்ளே இருக்கிற சின்ன முளைக்குப் புதுக் குழாயில் துளை போடவேண்டும். முளையை அராவி எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். விடாதே, பெட்டி சுழன்று அக்சிலேற்றர் இழுபடும்.

பூட்டினபின் எஞ்சினை ஐடிலில் விட்டு ஹாண்டிலை இடது கடைசிக்கும் வலது கடைசிக்கும் திருப்பு. சத்தம் ஏறினால் அக்சிலேற்றர் கேபிள் இழுபடுகிறது, அப்படியே றோட்டில் ஏறக்கூடாது. பிறேக் ஹோஸ் எந்தத் திருப்பத்திலும் விறைத்து நிற்கக்கூடாது, கிளச் லீவருக்குத் தொடக்கத்தில் 2, 3 மில்லிமீற்றர் சும்மா ஆட்டம் இருக்கவேண்டும். கிளாம்ப் ஆணிகளை மனுவலில் சொன்ன அளவுக்கு முறுக்கு. சிலதில் முன்பக்கத்தை முழுக்க இறுக்கிப் பின்பக்கம் இடைவெளி விடவேண்டும், சிலதில் இரண்டு பக்கமும் சமன்.

கொடியேறி 24ஆம் நாள் தேர். குஷன் கடைக்கு நாலு நாள், ஓடிப் பார்க்க ஒரு கிழமை என்று வைத்தாலும் உனக்கு நேரம் இருக்கிறது. ஹாண்டில் வந்த பெட்டியைக் கிழிக்காதே, கடைக்காரர் திருப்பி எடுப்பாரா என்று கேட்டு வை. மட்டையில் விழுந்த குழி அளவையும் வண்டியின் மாடலையும் அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்