மருமகன் காட்டிய ஓட்டுச்சீட்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜனநாயகம் என்றால் அது அமெரிக்காதான் என்று போன வாரம் தக்கலையில் டீக்கடையில் ஒருவர் அடித்துப் பேசிக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு காலத்தில் அதே நினைப்புதான். 2024 தேர்தல் சமயத்தில், கலிபோர்னியாவில் குடியுரிமை வாங்கி இருக்கும் என் அக்காள் மகன், வீட்டுக்குத் தபாலில் வந்த ஓட்டுச்சீட்டை வீடியோ காலில் விரித்துக் காட்டினான். கல்யாணச் சாப்பாட்டுக்கு மளிகைச் சிட்டை போட்டதுபோல அவ்வளவு நீளம். அதிபரில் தொடங்கி உள்ளூர்ப் பள்ளி நிர்வாகக் குழு வரைக்கும் ஆள் தேர்ந்தெடுக்க வேண்டும், அது போக, குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 18 டாலர் ஆக்கலாமா என்பது மாதிரி கேள்விகளுக்கும் ஜனங்களே ஆமாம், இல்லை என்று குறிக்க வேண்டும். அசந்துபோனேன்.

ஆனால் அவனே சொன்னான், "மாமா, அதிபருக்கு நான் ஓட்டுப் போட்டாலும் போடலைன்னாலும் ஒண்ணுதான், இங்க யாருக்கு விழும்னு எல்லாருக்கும் முன்னமே தெரியும்."

விசாரித்தால் கணக்கு விசித்திரமாக இருக்கிறது. வயோமிங் மாநிலத்தில் 2020 கணக்குப்படி மொத்தமே 5.77 லட்சம் பேர், அதாவது நம் குமரி மாவட்டத்தில் (2011 கணக்குப்படி 18.70 லட்சம்) மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கலிபோர்னியாவில் 3.95 கோடி. இரண்டுக்கும் செனட்டில், அதாவது அங்குள்ள நாடாளுமன்ற மேலவையில், ஆளுக்கு இரண்டு இடம். அந்த செனட்தான் உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கு ஒப்புதல் தருகிறது, அவர்களுக்கோ ஓய்வு வயதே கிடையாது! அதிபரைத் தேர்ந்தெடுக்கும் 538 பேர் கொண்ட வாக்காளர் குழுவில் கலிபோர்னியாவுக்கு 54, வயோமிங்குக்கு 3. தலைக்கணக்கில் வகுத்துப் பார்த்தால் வயோமிங்காரரின் ஓட்டுக்கு என் மருமகன் ஓட்டைவிடக் கிட்டத்தட்ட நாலு மடங்கு கனம். 2016இல் ஹிலாரி கிளின்டன் 28 லட்சத்துக்கும் மேல் அதிக ஓட்டு வாங்கியும் தோற்றது இந்த ஏற்பாட்டினால்தான்.

இதைச் சொல்லிச் சிரிக்கலாம் என்றால் அதுவும் முடியவில்லை. தொகுதி மறுவரையறை வந்தால் ஜனத்தொகையை மட்டும் பார்க்காதே என்று நாமும்தானே கேட்கிறோம். 1787இல் பிலடெல்பியாவில் அமெரிக்க அரசியல் சட்டம் எழுதும்போது சின்ன மாநிலங்கள் மல்லுக்கட்டியதும் ஏறக்குறைய இதற்குத்தான். பெரியவன் கையில் எல்லாம் போய்விடும் என்ற பயம் நியாயமானதுதான், அதற்காக நாலு மடங்கு என்பது எனக்கு ஒப்பவில்லை.

அப்புறம் அந்தப் பள்ளிக் குழு விஷயம். உள்ளூர்க் காரியத்துக்கு உள்ளூர் ஆளை அவர்கள் தவணை தவறாமல் தேர்ந்தெடுக்கிறார்கள். இங்கே 2016இல் நடந்திருக்க வேண்டிய ஊராட்சித் தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது. "உங்க ஊர்ல எப்படி மாமா?" என்று அவன் கேட்டபோது, சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.