தொண்டையில் ஒன்றும் தெரியாவிட்டால்தான் ஆபத்து

ஆசிரியருக்கு வணக்கம்.

காசிமேட்டில் மீன் ஏலம் விடும் என் தம்பிக்குப் போன மாதம் திடீரென்று காய்ச்சலும் கடும் தொண்டைவலியும் வந்தன. எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தான். சுடுசோற்றை வாயில் அடக்கிக்கொண்டு பேசுவது போலக் குரல். ஏலத்தில் கத்திக் கத்தித்தான் இப்படி என்று வீட்டில் முடிவே கட்டிவிட்டார்கள். பக்கத்து கிளினிக்கில் டார்ச் அடித்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

வீங்கியிருந்தது குரல்வளை மூடி, அதாவது விழுங்கும்போது மூச்சுப்பாதையை மூடும் சிறு மடல். அது நாக்கின் அடிப்பகுதிக்குப் பின்னால் இருப்பதால் வாயைத் திறந்தால் சாதாரணமாகத் தெரியாது. வலி உயிர் போகிறது, ஆனால் தொண்டையில் கோளாறு எதுவும் தெரியவில்லை என்றால் அப்போதுதான் இந்த வீக்கத்தைச் சந்தேகப்பட வேண்டும். அவசரப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். முன்பு இது பெரும்பாலும் குழந்தைகளுக்கு வரும். தமிழகத்தில் 2011 டிசம்பரில் ஐந்து நோய்த் தடுப்பூசி வந்தது. குழந்தைகளுக்கு இந்த வீக்கத்தைப் பெரும்பாலும் உண்டாக்கிய ஹிப் என்ற பாக்டீரியாவுக்கும் அதில் தடுப்பு உண்டு. பெரியவர்களுக்கு மற்ற கிருமிகளாலும் வரும்.

மருத்துவமனையில் ஸ்ட்ரெச்சரில் படுக்கச் சொன்னார்கள். நான் விடவில்லை. மல்லாக்கப் படுத்தால் மூச்சுப்பாதை அடைத்துக்கொள்ளலாம். முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருப்பவரை அப்படியே விட வேண்டும். நல்லவேளை, பணி மருத்துவர் உடனே புரிந்துகொண்டார். காது மூக்கு தொண்டை மருத்துவரும் மயக்க மருத்துவரும் வந்து, மூக்கு வழியாகக் குழாய் கேமராவில் பார்த்து உறுதிசெய்தார்கள். ஆக்சிஜன், நரம்பில் ஆன்டிபயாடிக், தீவிர சிகிச்சைப் பிரிவில் கண்காணிப்பு. செயற்கைச் சுவாசக் குழாய்க்கும் கழுத்தில் துளையிடவும் ஏற்பாடு தயாராக இருந்தது, தேவைப்படவில்லை.

வடசென்னை கிளினிக்குகளுக்கும் ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கும் இதைப் பற்றிச் சுகாதாரத் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும்.

ஓய்வுபெற்ற செவிலியர்,
காசிமேடு, சென்னை