சான்றிதழ் எதற்கு என்று நான் கேட்கவில்லை

மரியே வாழ்க!

அன்பு மகன் சேவியருக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை. ராஜன் மாமா வீட்டு விஷயம் இன்னும் அப்படியேதான் இழுத்துக்கொண்டு கிடக்கிறது, அதை நேரில் சொல்கிறேன். போன ஞாயிறு பூசை முடிந்து வந்ததிலிருந்து நீ கூப்பிடுவாய் என்று போனைக் கையிலேயே வைத்திருந்தேன். அதற்கு முந்தின ஞாயிறும் அப்படித்தான். பரீட்சை நேரம், எனக்குத் தெரியும். நேரத்துக்குச் சாப்பிடு.

நீ கேட்ட ஞானஸ்நான சான்றிதழ் இந்தக் கவருக்குள் இருக்கிறது. "புதிதாக வாங்கினது வேண்டும் அம்மா" என்று ரெண்டே வரி அனுப்பியிருந்தாய். எதற்கு என்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தூத்துக்குடியில் சித்திதான் கோவில் ஆபீசுக்கு அலைந்து வாங்கினாள். பங்குச்சாமி பழைய ரெஜிஸ்தரைப் புரட்டிக்கொண்டே, "பையனுக்குக் கல்யாணமா?" என்று கேட்டாராம். புது நகல் கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் அதற்குத்தானே வருவார்கள். சித்தி அன்றைக்கே என்னைக் கூப்பிட்டு, "என்னக்கா, எங்களுக்கெல்லாம் சொல்லவே இல்லையே" என்றாள். ஏதோ காலேஜில் கேட்கிறார்கள் என்று சொல்லிச் சமாளித்தேன். அவள் கொடுத்துவிட்ட மக்ரூன் டப்பாவைத் தனியாக அனுப்புகிறேன். ரூமில் எல்லாருக்கும் கொடுத்துவிட்டு நீ சும்மா இருக்காதே.

குளிர் கோட்டின் ஜிப்பைச் சரிபண்ணினாயா? பிராவிடன்ஸில் கடல்காற்று வேறு. நேரத்துக்குச் சாப்பிடு.

நாலு வருஷத்துக்கு முன்னால் பிராவிடன்ஸ் கல்லூரியில் ஆனர்ஸ் வகுப்புக்கு இடம் கிடைத்த அந்தக் கடிதம் வந்தபோது நான் சந்தோஷப்படவில்லை என்பது உனக்கு நினைவிருக்கும். பார்மசிக்குப் போ என்று ஒற்றைக்காலில் நின்றேன். ஹோமரும் பிளேட்டோவும் படித்துவிட்டு யாரிடம் வேலை கேட்பாய் என்று திட்டினேன். டொமினிக்கன் என்கிற சாமிநாதர் சபைச் சாமியார்கள் 1917இல் தொடங்கின கல்லூரி, பிள்ளை கெட்டுப்போக மாட்டான் என்ற ஒரே தைரியத்தில்தான் அப்பா சரி என்றார். ஊரில் எல்லாரிடமும் நீ டாக்டருக்குப் படிக்கப் போகிறாய் என்று சொல்லிவைத்தேன். ஆச்சி சாகும்வரை அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தாள். அது என் தப்பு.

ஆனால் அப்புறம் எனக்கு எவ்வளவு பெருமை என்று உன்னிடம் நான் ஒழுங்காகச் சொன்னதே இல்லை. அந்தக் கல்லூரியில் சேருகிற எல்லாப் பிள்ளைகளும் நாலு செமஸ்டர் 'சிவ்' என்கிற மேற்கத்திய நாகரிகப் பாடம் படித்தே ஆகவேண்டும், 1971இலிருந்து அப்படித்தான் நடக்கிறது என்று சொன்னபோது, இஞ்சினுக்குப் பெட்ரோல் ஊற்றுகிற மாதிரி பிள்ளைகளுக்குள் சரித்திரத்தை ஊற்றுவார்கள் என்றுதான் நினைத்தேன். நீ ஆனர்ஸ் வகுப்பைப் பற்றிச் சொல்லச் சொல்லத்தான் புரிந்தது. சின்ன வகுப்பு, மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஒரே புத்தகத்தை வரி வரியாகப் பிரித்து, "இந்த ஆள் சொல்வது உண்மையா?" என்று ஒருத்தரை ஒருத்தர் மடக்குவது. முதல் வருஷம் தினமும் எங்களோடு சண்டை போட்டாய். நீதி என்றால் என்ன என்று அப்பாவை இரவு பதினொரு மணிக்குக் கேட்டு உயிரை எடுத்தாய். சிவ் பரீட்சைக்கு முந்தின ராத்திரி பிள்ளைகள் எல்லாம் வெளியே கூடிக் கத்துகிற சத்தத்தைப் போனில் கேட்கவைத்தாய். நான் பயந்தே போனேன். அந்தச் சத்தம்கூட இப்போது வேண்டியிருக்கிறது. இந்த வருஷம் நீ சண்டை போடுவதே இல்லை. எது சொன்னாலும் "சரி அம்மா" என்கிறாய்.

தேங்க்ஸ்கிவிங் லீவுக்கு வந்தபோது தினமும் விடியற்காலையில் எழுந்து காரை எடுத்துக்கொண்டு பூசைக்குப் போய்விட்டு வந்தாய். அப்பா சந்தோஷப்பட்டார். நானும்தான், சந்தோஷப்படாமல் இருப்பேனா? கடைசி நாள் சாப்பிடும்போது புனித தாமஸ் அக்குவினாஸ் கதையைச் சொன்னாய். பத்தொன்பது இருபது வயசில் வீட்டுக்குத் தெரியாமல் சாமிநாதர் சபையில் சேர்ந்துவிட்டார், வீட்டார் அவரைப் பெரிய மடத்துக்குத் தலைவராக்க ஆசைப்பட்டிருந்தார்கள், 1244இல் பாரிசுக்குப் போகிற வழியில் அவருடைய அண்ணன்மாரே மடக்கிப் பிடித்துக் கொண்டுவந்து ஏறக்குறைய ஒரு வருஷம் கோட்டைக்குள் அடைத்துவைத்தார்கள், அனுப்பினது பெற்ற தாய் தியோதோராதான் என்றாய். "பெத்த தாயா?" என்று அப்பா சிரித்தார். நீ சிரிக்கவில்லை. நான் ரசம் எடுக்கப் போகிறேன் என்று எழுந்து போனேன். ரசம் மேஜையில்தான் இருந்தது. நீ கவனித்தாயா என்று தெரியவில்லை.

நீ விட்டுப்போன அகஸ்தினார் புத்தகத்தை நைட் டூட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்கிறேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. அவரைப் பெற்ற மோனிக்கம்மாளைச் சின்ன வயசிலிருந்து தெரியும், அழுது அழுது மகனை மனம் திருப்பினவள் என்று. ஆனால் கார்த்தேஜில் ஒரு நண்பனை வழியனுப்பப் போகிறேன் என்று அவளிடம் பொய் சொல்லி, அவள் கோவிலில் ஜெபித்துக்கொண்டிருந்த ராத்திரியில் மகன் கப்பலேறிப் போய்விட்டான் என்பது எனக்குத் தெரியாது. அந்தப் பக்கத்தில் நீ பென்சிலால் கோடு போட்டிருக்கிறாய். அதற்கு மேல் அன்றைக்குப் படிக்கவில்லை.

பிரேக் நேரத்தில் போனில் தேடியும் பார்த்தேன். சாமிநாதர் சபையில் சேருகிற பிள்ளைகளுக்குச் சின்சினாட்டியில் ஒரு வருஷம் நவதுறவகம் என்கிற முதல் பயிற்சி, அப்புறம் வாஷிங்டனில் படிப்பு. தெரியாத மாதிரி இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன், கை எழுதிவிட்டது. ஒருவேளை நீ யாருக்காவது ஞானத்தகப்பனாக நிற்கப் போகிறாயோ என்னவோ. அதற்கும் சான்றிதழ் கேட்பார்கள்தான்.

சேவி, உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. அப்பாவுக்கும் தெரியாது.

நீ ஒன்பது மாசக் குழந்தையாக இருந்தபோது நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாய் என்று கேட்டிருக்கிறாய். மூன்றாம் நாள் ராத்திரி உன் நெஞ்சுக்கூடு உள்ளே போய்ப் போய் வந்தது. நான் நர்ஸ், எனக்கு அதற்கு அர்த்தம் தெரியும். ஆச்சியை உன் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு ஆட்டோ பிடித்துப் பனிமய மாதா கோவிலுக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது. வெளியே படியில் முழங்காலில் நின்று, "இவனைக் காப்பாற்றித் தா தாயே, இவனை உனக்கே கொடுத்துவிடுகிறேன்" என்று நேர்ந்துகொண்டேன். விடியும்போது காய்ச்சல் இறங்கிவிட்டது.

ஒரு வருஷம் கழித்து வேளாங்கண்ணிக்குப் போய் உனக்கு மொட்டை போட்டு, வெள்ளியில் ஒரு சின்னக் குழந்தை உருவம் வாங்கிக் காணிக்கை செலுத்தினேன். அதோடு தீர்ந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிள்ளையைக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு வெள்ளியைக் கொடுத்தேன். பார்மசி பார்மசி என்று நான் கத்தினதெல்லாம் சம்பளத்துக்காக மட்டும் இல்லை. வெள்ளை அங்கி போட்ட சாமியார்கள் நடமாடுகிற இடத்துக்கு உன்னை அனுப்ப எனக்குப் பயம். முதல் நாள் உன்னை விட்டுவிட்டு வரும்போது ஒரு சாமியார் உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாரே, அன்றைக்குக் காரில் நான் அழுததற்கு அதுதான் காரணம்.

இதை ஒரு கட்டாயமாக எடுத்துக்கொள்ளாதே. நான் நேர்ந்தது என்னோடது, உன்னோடது இல்லை. உனக்குக் கல்யாணம் செய்து பார்க்க எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியும். நீ என்ன முடிவெடுத்தாலும் என்னிடம் முதலில் சொல். நண்பனை வழியனுப்பப் போகிறேன் என்று மட்டும் சொல்லாதே.

சாப்பிடாமல் படிக்காதே. ஜிப்பை மறக்காதே.

சான்றிதழ் லேட்டாக வருகிறது என்று சித்தியைக் கோபித்துக்கொள்ளாதே. முதல் தடவை உன் பெயரில் ஒரு எழுத்துத் தப்பாக இருந்து, அவள் மறுபடி போய்த் திருத்தி வாங்கினாள். இருந்தாலும் அவள் கூரியரில் போட்டது நாலே நாளில் இங்கே வந்துவிட்டது. அதற்கப்புறம் பதினொரு நாள் அது என் அலமாரியில், சேலைக்கு அடியில் இருந்தது. இன்றைக்கு டூட்டிக்குப் போகிற வழியில் தபாலில் சேர்க்கிறேன்.

அம்மா